காமிக் கான் போறீங்களா? முதல்ல வரிசையைப் படிச்சுட்டுப் போங்க



டிக்கெட் புக் பண்ணியாச்சு, காஸ்ட்யூம் பாதி ரெடி, வார்டன்கிட்ட அவுட்பாஸ் வாங்குறது மட்டும் பாக்கி. இந்த நிலைமையில இருக்கீங்கன்னா இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். "எங்கே என்ன வாங்கலாம், யார் வர்றாங்க" என்ற விவரமெல்லாம் இன்ஸ்டாவிலேயே கொட்டிக் கிடக்கிறது. அதை நான் திரும்ப எழுதப் போவதில்லை. நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. போன முறை ஹாஸ்டல் ரூம்மேட் ஒருவனும் சிவில் படிக்கும் தோழி ஒருத்தியும் நானும் ஒரு பெரிய நகரத்து காமிக் கானுக்குப் போனோம். எந்த ஊர், எந்த வருஷம் என்பது வேண்டாம். அங்கே நடந்த தப்புகளில் பாதி என்னுடையது, மீதியை எந்தக் கூட்டத்திலும் பார்க்கலாம். திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தால், நாம் மூன்று வருஷமாகப் பரீட்சைக்கு மட்டும் படித்த விஷயங்கள்தான் அன்று முழுக்க எங்களைச் சுற்றி நடந்துகொண்டிருந்தன என்று தோன்றியது. அதனால் இதை ஒரு பாடமாகவே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. வேகமா முடிச்சுடறேன்.

1970 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் ஒரு ஹோட்டலில் சுமார் 300 பேர் கூடினார்கள். காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பியும் எழுத்தாளர் ரே பிராட்பரியும் விருந்தினர்கள். அந்த 300 பேர் கூட்டம் இன்று 1,30,000 பேரைத் தாண்டிய சான் டியேகோ காமிக் கான். 1975 டிசம்பரில் டோக்கியோவில் 32 குழுக்கள் தாங்களே வரைந்து அச்சடித்த இதழ்களை மேசை போட்டு விற்றன. அதுதான் காமிக்கெட். இன்று லட்சக்கணக்கில் கூட்டம் வருகிறது. காமிக்கெட்டில் எனக்குப் பிடித்த விஷயம், அங்கே "வாடிக்கையாளர்" என்று யாரும் கிடையாது. விற்பவர், வாங்குபவர், வரிசையை ஒழுங்குபடுத்தும் தன்னார்வலர் எல்லோரும் "பங்கேற்பாளர்"தான். நம் நாட்டில் காமிக் கான் இந்தியா 2011-ல் டில்லி ஹாட்டில் தொடங்கியது. சென்னைக்கு வர 2024 பிப்ரவரி 17, 18 வரை ஆனது. இடம் நந்தம்பாக்கம் சென்னை வர்த்தக மையம்.

தமிழ்நாட்டுக்கு இந்த ரசிகர் கூட்டம் புதுசு என்று நினைத்துவிடாதீர்கள். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-ல் "இரும்புக்கை மாயாவி"யோடு வந்தது, லயன் காமிக்ஸ் 1984-ல் வந்தது. அந்த வாசகர்கள் ஈரோடு புத்தகத் திருவிழா சமயத்தில் வருஷா வருஷம் கூடுகிறவர்கள். வேஷம் கிடையாது, கைப்பட்டை கிடையாது. வழுக்கை விழுந்த அண்ணன்கள் டெக்ஸ் வில்லரைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். என் அப்பா அந்த ஜாதி. நான் கிளம்பும்போது அவர் கேட்ட ஒரே கேள்வி, "அங்க உட்கார்ந்து படிக்க இடம் இருக்குமா?" இருக்காது அப்பா.

சரி, பாடத்துக்கு வருவோம்.

வரிசை

கதவு 11 மணிக்குத் திறக்கும் என்றால் நீங்கள் எத்தனை மணிக்குப் போவீர்கள்? நாங்கள் 10:45-க்குப் போனோம். அதுதான் இருப்பதிலேயே மோசமான நேரம்.

ஒரு கணக்கு போடுவோம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை, முறைதான் முக்கியம். பாதுகாப்புச் சோதனை வாசல் 6. ஒரு ஆளுக்கு 6 விநாடி. ஒரு வாசலில் நிமிஷத்துக்கு 10 பேர், ஆறு வாசலில் 60 பேர், ஒரு மணி நேரத்துக்கு 3,600 பேர். முதல் மணி நேரத்தில் வருவது 6,000 பேர் என்று வையுங்கள். 12 மணிக்கு வெளியே மிச்சம் 2,400 பேர். அப்போது கடைசியில் போய்ச் சேருகிறவர் 2,400-ஐ 60-ஆல் வகுத்தால் 40 நிமிஷம் நிற்பார். அடுத்த மணி நேரத்தில் புதிதாக வருவது 2,000 பேர் மட்டும்தான் என்றால், 1 மணிக்கு வரிசை 800-ஆகக் குறையும். அப்போது வருகிறவருக்குச் சுமார் 13 நிமிஷம். நீங்கள் எவ்வளவு பெரிய ரசிகர் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. வருகிற வேகம், விடுகிற வேகம், அவ்வளவுதான்.

இதற்கு லிட்டில் விதி என்று பெயர். ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்தது. வரிசையில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை = அவர்கள் வருகிற வேகம் × ஒருவர் காத்திருக்கும் நேரம். நீண்ட நேரச் சராசரிக்கு இது எந்த வரிசைக்கும் பொருந்தும். மெஸ் வரிசையில் இன்று ராத்திரியே சோதித்துப் பாருங்கள். காமிக் கானில் பயன்படுத்தும் விதம் இது: வரிசையில் சேருவதற்கு முன் ஒரு நிமிஷம் வாசலைப் பாருங்கள். எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்று எண்ணுங்கள். முன்னால் நிற்பவர்களைக் குத்துமதிப்பாக எண்ணி அதால் வகுத்துக்கொள்ளுங்கள். ரூம்மேட் இதைச் செய்துவிட்டு, "மச்சி, ஐம்பது நிமிஷம்டா, வா டீ குடிச்சுட்டு வரலாம்" என்றான். நான் கேட்கவில்லை. அவன் டீ குடித்து, சமோசா தின்று, எங்களுக்குப் பத்து நிமிஷம் கழித்து உள்ளே வந்தான். காலும் வலிக்கவில்லை அவனுக்கு.

இன்னொன்று. பை இருப்பவர்களுக்குச் சோதனை நேரம் 6 விநாடி இல்லை, இருபதுகூட ஆகும். பை இல்லாதவர்களுக்குத் தனி வாசல் இருந்தால் மூன்று பேர் சாமானையும் ஒருத்தர் தூக்கிக்கொண்டு பை வரிசையில் போகட்டும், மற்ற இரண்டு பேர் காலியாகப் போங்கள். யார் தூக்குவது என்பதை முந்தின நாளே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள், வாசலில் வைத்துச் சண்டை போடாதீர்கள்.

உள்ளே நடக்கும் நிகழ்ச்சிகளுக்கான வரிசை வேறு வகை. சான் டியேகோவில் ஹால் எச் என்ற அரங்கம் இருக்கிறது, சுமார் 6,500 இருக்கை. பெரிய சினிமா அறிவிப்புகள் அங்கேதான். ஆனால் ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் அரங்கத்தைக் காலி செய்ய மாட்டார்கள். மாலை நிகழ்ச்சிக்காகக் காலையிலேயே உள்ளே போய் உட்கார்ந்தவர் நாள் முழுக்க அந்தச் சீட்டிலேயே இருக்கலாம். அதாவது சேவை நேரம் ஒரு மணி நேரம் இல்லை, ஒரு முழு நாள். அப்போது வெளியே இருக்கும் வரிசை எப்படி நகரும்? நகராது. அதனால்தான் அங்கே ஜனங்கள் முந்தின இரவே பாய் தலையணையோடு தெருவில் படுக்கிறார்கள். பின்னால் கைப்பட்டை கொடுத்து வரிசையை ஓரளவு ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்கள். நம் ஊர் நிகழ்ச்சிகளில் இந்த அளவு இல்லை. ஆனாலும் பிரபலமான ஸ்டாண்ட்-அப் ஆளோ வெளிநாட்டு நடிகரோ மேடைக்கு வரும்போது முன்வரிசையில் இருப்பவர்கள் யார் என்று பாருங்கள். இரண்டு நிகழ்ச்சிக்கு முன்பே வந்து உட்கார்ந்தவர்கள்.

கையெழுத்து, ஓவியம் வாங்கும் மேசைகளில் ஒரு பொறி இருக்கிறது. ஓவியர் ஒருவர் ஒரு ஸ்கெட்சுக்கு 5 நிமிஷம் எடுக்கிறார், ஆட்கள் நினைத்த நேரத்தில் வருகிறார்கள் என்று வையுங்கள். அவருடைய நேரத்தில் பாதிதான் நிரம்பியிருக்கிறது என்றால், வந்து வாங்கிப் போக சராசரியாக 10 நிமிஷம். 90 சதவீதம் நிரம்பினால் 50 நிமிஷம். 95 சதவீதம் என்றால் 100 நிமிஷம். கடைசி ஐந்து சதவீதம் மட்டும் உங்கள் ஐம்பது நிமிஷத்தைத் தின்னும். ஒற்றைச் சேவையாளர் வரிசை மாடலில் நேரத்தை (1 − பயன்பாடு) ஆல் வகுத்தோமே, அதுதான் இது. எனவே கூட்டம் மொய்க்கும் மேசையில் மதியம் போய் நிற்காதீர்கள். இரண்டாம் நாள் காலை முதல் அரை மணி நேரத்தில் போங்கள்.

உள்ளே எத்தனை பேர்?

இந்தப் பகுதியைச் சிரித்துக்கொண்டே எழுத எனக்கு வரவில்லை.

அதே லிட்டில் விதியை முழு அரங்கத்துக்கும் போடலாம். மணிக்கு 3,000 பேர் உள்ளே வருகிறார்கள், ஒருவர் சராசரியாக 4 மணி நேரம் இருக்கிறார் என்றால், உள்ளே எந்நேரமும் 12,000 பேர். அரங்கம் 8,000 சதுர மீட்டர், அதில் பாதியைக் கடைகள் எடுத்துக்கொண்டன என்றால், ஒரு சதுர மீட்டருக்கு 3 பேர். நடக்கலாம், ஆனால் தோள் இடிக்கும். 5 பேரைத் தொட்டால் ஆபத்து ஆரம்பம் என்று கூட்டப் பாதுகாப்பு வல்லுநர்கள் சொல்கிறார்கள். 7 பேர் அளவில் கூட்டம் தனித்தனி மனிதர்களாக இருக்காது, ஒரு திரவம் மாதிரி அலையடிக்கும் என்று ஜான் ஃப்ரூயின் என்ற பொறியாளர் எழுதியிருக்கிறார். அந்த நிலையில் நீங்கள் எவ்வளவு பலசாலி, எவ்வளவு நிதானமானவர் என்பதற்கு அர்த்தமே இல்லை. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் மட்டும்தான் வேலை செய்யும்.

இதில் கவனிக்க வேண்டியது, பெருக்கலில் இரண்டு எண் இருக்கிறது. வாசலை மட்டும் கட்டுப்படுத்தினால் போதாது, உள்ளே போனவர்கள் எப்போது வெளியே வருகிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். 2006 பிப்ரவரியில் நியூயார்க் காமிக் கான் முதல் முறையாக ஜேவிட்ஸ் மையத்தில் நடந்தபோது, சனிக்கிழமை கூட்டம் அரங்கின் கொள்ளளவைத் தாண்டியதால் அதிகாரிகள் வாசலை மூடினார்கள். கையில் டிக்கெட் வைத்திருந்தவர்களும் வெளியே குளிரில் நின்றார்கள். திட்டித் தீர்த்தார்கள். ஆனால் யோசித்தால், வாசலை மூடியது அன்று செய்த சரியான காரியம். டிக்கெட் வைத்திருப்பவர் கோபித்துக்கொள்வார் என்று பயந்து மூடாமல் விட்டிருந்தால்?

என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். 2025 ஜூனில் பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியம் வாசலில் 11 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் கரூரில் 41 பேர். இவை காமிக் கான் இல்லைதான். ஆனால் சதுர மீட்டருக்கு எத்தனை பேர் என்ற கணக்குக்கு, மேடையில் நிற்பது கிரிக்கெட் வீரரா, தலைவரா, ஸ்பைடர்மேனா என்று தெரியாது.

ஆகவே நீங்கள் செய்யக்கூடியது: உள்ளே போனதும் முதல் வேலையாக, வந்த வாசலைத் தவிர இன்னும் இரண்டு வெளிவழிகளைப் பார்த்து வையுங்கள். பிரிட்டனின் மைதானப் பாதுகாப்புக் கையேடு, சமதளத்தில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிஷத்துக்கு 82 பேர் வெளியேறலாம் என்று கணக்கு வைக்கிறது, படிக்கட்டு என்றால் 66 பேர். எல்லோரும் வந்த வழியிலேயே திரும்பினால் அந்த ஒரு கதவின் அகலம்தான் உங்கள் விதி. கூட்டம் இறுகினால் கையை மார்புக்கு முன்னால் மடக்கி வைத்து மூச்சுக்கு இடம் வையுங்கள். போன் கீழே விழுந்தால் குனியவே குனியாதீர்கள், போனது போகட்டும். எதிர்த்துத் தள்ளாமல், அலை தளரும் நேரத்தில் ஓரத்தை நோக்கிக் குறுக்காக நகருங்கள். "இலவச டி-ஷர்ட் வீசுறாங்க" என்று ஒரு பக்கம் சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் போகாதீர்கள். டி-ஷர்ட் 300 ரூபாய்க்கு வெளியே கிடைக்கும்.

பேட்ஜுக்குள் என்ன இருக்கிறது

கழுத்தில் மாட்டும் பேட்ஜிலோ கைப்பட்டையிலோ ஒரு ஆர்.எஃப்.ஐ.டி. சிப் இருக்கும் நிகழ்ச்சிகள் இப்போது நிறைய. நம் மெட்ரோ கார்டு மாதிரிதான். வாசலில் தட்டும் வகை பெரும்பாலும் 13.56 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும். உள்ளே பேட்டரி கிடையாது, ரீடரின் காந்தப்புலத்திலிருந்து அந்தச் சின்ன காயில் மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். ஈ.சி.ஈ. நண்பர்கள் மன்னிக்கவும், இதற்கு மேல் நான் சொன்னால் தப்பாகிவிடும். சான் டியேகோவில் 2016-லிருந்து உள்ளே போகும்போது தட்டவேண்டும், வெளியே வரும்போதும் தட்டவேண்டும். போலி பேட்ஜைத் தடுப்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மேலே சொன்ன "உள்ளே எத்தனை பேர்" என்ற எண்ணும் இதிலிருந்தே கிடைத்துவிடுகிறது. வெளியே போகும்போது தட்டச் சொன்னால் சலித்துக்கொள்ளாமல் தட்டுங்கள்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டும் தட்டாதீர்கள். 2013-ல் நியூயார்க் காமிக் கானில் பேட்ஜைப் பதிவு செய்யும்போது ட்விட்டர் கணக்கையும் இணைக்கலாம் என்று ஒரு வசதி இருந்தது. இணைத்தவர்களின் பெயரில், அவர்களுக்கே தெரியாமல், "ஆஹா, என்ன அருமையான நிகழ்ச்சி" என்கிற தொனியில் ட்வீட்கள் போக ஆரம்பித்தன. எதிர்ப்பு கிளம்பியதும் அமைப்பாளர்கள் அதை நிறுத்தினார்கள். அனுமதி கேட்கும் பெட்டியில் "உங்கள் சார்பில் பதிவிட" என்ற வரி இருந்திருக்கும். யார் படிக்கிறோம்? "ஓகே" பட்டனை அழுத்துவதில் நாம் எல்லோரும் யுனிவர்சிட்டி ரேங்க்.

வேஷம் கட்டுதல்

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாகப் போகும்.

காஸ்ப்ளே என்ற சொல் 1980-களில் ஜப்பானில் பிறந்தது. விஷயம் அதைவிடப் பழசு. 1939-ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மன் என்ற ரசிகரும் மிர்ட்டில் டக்ளஸும் எதிர்கால மனிதர்கள் மாதிரி உடையணிந்து வந்தார்கள். ஆக்கர்மன் பெயர் எல்லா இடத்திலும் வரும். இரண்டு உடையையும் வடிவமைத்துத் தைத்தவர் மிர்ட்டில்.

நான் கட்டியது அயர்ன் மேனின் மார்பும் தோளும். பொருள், தரையில் விரிக்கும் ஈ.வி.ஏ. ஃபோம். குழந்தைகள் விளையாட ஒன்றோடொன்று கோத்து விரிப்பார்களே, அந்த மேட். மார்புக்கு 10 மி.மீ., விரல், விளிம்பு வேலைக்கு 2 அல்லது 5 மி.மீ.

முதல் வேலை வார்ப்புரு. முப்பரிமாண மாடலைத் தட்டையாக விரித்துக் கொடுக்கும் மென்பொருள்கள் உண்டு. முதல் வருஷ இன்ஜினியரிங் கிராஃபிக்ஸில் "டெவலப்மென்ட் ஆஃப் சர்ஃபேசஸ்" என்று ஒரு யூனிட் வந்ததே, அதேதான். சிலிண்டரையும் கூம்பையும் கிழியாமல் விரிக்கலாம். கோளத்தை விரிக்க முடியாது. தோள் பட்டை கோளத்தின் துண்டு. ஆகவே ஆரஞ்சுத் தோல் மாதிரி கீற்று கீற்றாக வெட்டி ஒட்டவேண்டும், அல்லது ஹீட் கன்னில் சூடாக்கி முழங்கால் மேல் வைத்து இழுத்து வளைக்கவேண்டும். நான் அந்த யூனிட்டை சாய்ஸில் விட்டவன். மூன்று மேட் வீணானது அதனால்தான்.

வெட்டும் பிளேடு புதிதாக இருக்கவேண்டும். மொக்கைப் பிளேடு ஃபோமைக் கிழிக்கும், வெட்டாது. வெட்டிய பிறகு மேற்பரப்பு முழுக்க ஹீட் கன்னை ஓட்டுங்கள். மேலே இருக்கும் நுண்ணிய துளைகள் மூடிக்கொண்டு பளபளப்பு வரும். இல்லாவிட்டால் பெயின்டை ஸ்பாஞ்ச் மாதிரி குடித்துவிடும். பெயின்டுக்கு முன் தண்ணீர் கலந்த ஃபெவிகாலை மூன்று நான்கு கோட்டிங் அடித்தால் மலிவான ப்ரைமர் ஆயிற்று.

இப்போது பசை. இங்கேதான் நான் கவிழ்ந்தேன். அவசரத்தில் தோளையும் மார்பையும் ஹாட் க்ளூ துப்பாக்கியால் ஒட்டினேன். ரூமில் வைத்து இழுத்துப் பார்த்தேன், நன்றாகப் பிடித்திருந்தது. பகல் பஸ், ஆறு மணி நேரம், சாமான் டிக்கியில். ஹாட் க்ளூ ஒரு தெர்மோபிளாஸ்டிக். சூட்டில் இளகுவதுதான் அதன் தொழிலே. முழுக்க உருகவேண்டும் என்றுகூட இல்லை. வெதுவெதுப்பான இடத்தில் தொடர்ந்து பாரம் இருந்தால் மெதுவாக ஊர்ந்து நகரும். மெட்டீரியல் சயன்ஸில் க்ரீப் என்று இரண்டு மார்க் கேள்வி. வரிசையில் நின்ற நாற்பதாவது நிமிஷத்தில் என் இடது தோள் கழன்று முன்னால் நின்ற ஒரு குட்டிப் பையன் தலையில் விழுந்தது. ஃபோம்தான், அடிபடவில்லை. அவன் அம்மா, "அயர்ன் மேன் அண்ணா உனக்கே குடுத்துட்டாங்க பாரு" என்று எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டார். அப்புறம் எப்படித் திரும்பக் கேட்பது? நாள் முழுக்க ஒற்றைத் தோள் அயர்ன் மேன்.

தச்சர்கள் மைக்கா ஒட்டப் பயன்படுத்தும் மஞ்சள் ரப்பர் பசையை வாங்குங்கள். இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு (பத்துப் பதினைந்து நிமிஷம்), அப்புறம் சேர்த்து அழுத்துங்கள். தொட்ட உடனே பிடித்துவிடும், நகர்த்திச் சரிசெய்ய இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அந்தக் கரைப்பானின் ஆவி தலைசுற்ற வைக்கும், தீப்பிடிக்கும். ஜன்னல் மூடிய ஹாஸ்டல் ரூமில் வேண்டவே வேண்டாம், மொட்டை மாடிக்குப் போங்கள். ஹீட் கன்னையும் அந்த டப்பாவையும் ஒரே நேரத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள்.

வெப்பம் பற்றி ஒரு வார்த்தை. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு சுமார் 100 வாட் வெப்பம் வெளியிடுகிறது. நடந்தால் இரண்டு மூன்று மடங்கு. ஈ.வி.ஏ. ஃபோம் நல்ல வெப்பக் காப்பான், வியர்வையும் ஆவியாக முடியாது. ஆகவே அக்குளிலும் முதுகிலும் திறந்த இடம் விடுங்கள், உள்ளே காட்டன் பனியன் போடுங்கள். வரிசையில் நிற்கும்வரை ஹெல்மெட்டைக் கையில் வைத்திருங்கள். உலோகக் கத்தி, நிஜத் துப்பாக்கி மாதிரி தோன்றும் பொருள் எதுவும் பெரும்பாலான நிகழ்ச்சிகளில் வாசலிலேயே நின்றுவிடும். விதிகளை முன்பே படியுங்கள். காமிக்கெட்டில் வேஷத்தோடு வீட்டிலிருந்து வரவே கூடாது, அங்கே உடைமாற்றும் அறையில்தான் மாற்றவேண்டும். நமக்கும் அது வசதி. கவசத்தோடு ஷேர் ஆட்டோவில் ஏறிப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

கேமரா பிடிப்பவர்

எங்கள் தோழி மூன்று வாரம் ராத்திரி உட்கார்ந்து ஒரு வீடியோ கேம் போர்வீராங்கனை வேஷம் செய்திருந்தாள். எங்கள் மூவரில் உருப்படியான வேலை அவளுடையதுதான். அவளோடு போட்டோ எடுக்க நிறையப் பேர் வந்தார்கள். பெரும்பாலானவர்கள் கேட்டுத்தான் எடுத்தார்கள். ஒரு பள்ளிக்கூடப் பெண் அரை மணி நேரம் தயங்கி நின்று, கடைசியில் வந்து அந்தத் தோள் கவசம் எப்படிச் செய்தது என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு போனாள்.

மதியம் ஐந்தாறு பேர் வந்தார்கள், நம் வயசுதான். "ப்ரோ, ஒரு போட்டோ" என்று போனை என் கையில் கொடுத்தார்கள். நான் எடுத்தேன். திரையில் பார்க்கும்போது ஒருவன் கை அவள் இடுப்பில் இருந்தது. அவள் முகம் மாறியதும் திரையில் தெரிந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு க்ளிக் பண்ணினேன். "இன்னொண்ணு ப்ரோ" என்றான். இன்னொன்றும் எடுத்தேன்.

அவர்கள் போனதும் அவள் விக்கைக் கழற்றிக்கொண்டு வாஷ்ரூம் பக்கம் போனாள். இருபத்தைந்து நிமிஷம் வரவில்லை. வந்ததும் கேட்டது ஒன்றுதான். "தெரிஞ்சுதுல்ல உனக்கு?"

2014-ல் நியூயார்க் காமிக் கானில் "வேஷம் போட்டிருப்பது சம்மதம் ஆகாது" என்ற பொருளில் ஆளுயரப் பலகைகளை வாசல்களில் வைத்தார்கள். அந்தப் பலகை படம் எடுக்கிறவருக்கும், தொடுகிறவருக்கும். நான் அதைப் பற்றி முன்பே படித்திருந்தேன், லைக்கும் போட்டிருந்தேன். கையில் போன் இருந்தபோது எதுவும் நினைவுக்கு வரவில்லை. யாரோ கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தால் போய்விடுவார்கள், எதற்கு வம்பு, அவ்வளவுதான் ஓடியது.

ஆகவே நடைமுறையாகச் சொல்கிறேன். போட்டோ எடுக்குமுன் கேளுங்கள். கேட்டதற்குச் சரி என்றால் அது போட்டோவுக்கு மட்டும். தோளில் கை போடவேண்டும் என்றால் அதைத் தனியாகக் கேளுங்கள். சாப்பிடும்போதும் உடை சரிசெய்யும்போதும் கேட்காதீர்கள். வீடியோ என்றால் வீடியோ என்று சொல்லுங்கள். போன் உங்கள் கையில் கொடுக்கப்பட்டால், அந்த நிமிஷம் படம் எடுப்பது நீங்கள்தான். "கையை எடுங்க ப்ரோ, அப்புறம் எடுக்கிறேன்" என்று சொன்னால் போதும். மூன்று விநாடி ஆகும். எடுக்கவில்லை என்றால் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெரிய நிகழ்ச்சிகளில் உதவி மேசையும் தன்னார்வலர்களும் இருப்பார்கள், எங்கே என்று உள்ளே போனதும் பார்த்து வையுங்கள். நாங்கள் பார்த்து வைக்கவில்லை.

பர்ஸ்

சுருக்கமாக. முதல் சுற்றில் எதையும் வாங்காதீர்கள், சுற்றிப் பார்த்து விலை மட்டும் குறியுங்கள். ஆக்‌ஷன் ஃபிகர், சாவிக்கொத்து எல்லாம் ஆன்லைனில் எப்போதும் கிடைக்கும். தான் வரைந்ததைத் தானே மேசை போட்டு விற்கும் ஓவியரின் புத்தகம் பல நேரம் அந்த மேசையில் மட்டும்தான் கிடைக்கும். அங்கே செலவழியுங்கள். வாங்காவிட்டாலும் பரவாயில்லை, புரட்டிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். ஆனால் பக்கங்களைப் போனில் படம் எடுக்காதீர்கள். கூட்டத்தில் நெட்வொர்க் படுத்துவிடும், யு.பி.ஐ. சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் ஆயிரம் ரூபாயாவது சில்லறையோடு கையில் இருக்கட்டும்.

நந்தம்பாக்கம் போகிறவர்களுக்கு: ஆலந்தூர் மெட்ரோவில் இறங்கி, பூந்தமல்லி ரோடு வழியாகப் போகும் பஸ்ஸோ ஆட்டோவோ பிடியுங்கள். திரும்பும்போது கடைசி நிகழ்ச்சிக்கு இருபது நிமிஷம் முன்பே கிளம்புங்கள், இல்லாவிட்டால் மேலே சொன்ன கதவுக் கணக்கு ஆட்டோ ஸ்டாண்டில் மறுபடி ஆரம்பிக்கும்.

அடுத்த முறைக்கு நான் வேஷம் கட்டவில்லை. காஸ்ப்ளே செய்பவருக்கு ஹேண்ட்லர் என்று ஒரு ஆள் வேண்டும். பை தூக்க, தண்ணீர் கொடுக்க, கழன்றதை ஒட்ட, வழி விலக்க, யார் எங்கே கை வைக்கிறார்கள் என்று பார்க்க. தோழியிடம் போய் "நான் வரட்டுமா" என்று கேட்டேன். ஒரு வாரம் பதில் இல்லை. அப்புறம் வாட்ஸாப்பில் ஒரு பட்டியல் வந்தது: ஊக்கு ஒரு அட்டை, ரப்பர் பசை சின்ன டப்பா, கத்தரி, டபுள் டேப், குளுக்கோஸ், கைவிசிறி, காட்டன் துண்டு இரண்டு. அடியில், "ஹாட் க்ளூ கொண்டு வந்தா பஸ்ஸை விட்டு இறக்கிடுவேன்."

இந்தக் கட்டுரையை அனுப்புமுன் அவளிடம் காட்டினேன், போடலாமா என்று கேட்டேன். போடச் சொன்னாள். ஒரே ஒரு இடத்தில் திருத்தினாள். வாஷ்ரூமில் பத்து நிமிஷம் என்று நான் எழுதியிருந்தேன். இருபத்தைந்து என்றாள். மேலே மாற்றிவிட்டேன்.